ரியாக்ட்டா ஆங்குலரா என்பதற்கு முன், ஒரு 'நீக்கு' பட்டன்

வெப் டெவலப்பர் வேலைக்கு ரியாக்ட் படிப்பதா, ஆங்குலர் படிப்பதா (இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட்டில் திரைகளைக் கட்டும் கருவிகள்) என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் படியுங்கள். அதற்கு முன் ஒரு பட்டியலும் வரிக்கு ஒரு 'நீக்கு' பட்டனும் உள்ள பக்கம் ஒன்றைச் செய்து முடியுங்கள். அழுத்தினால் பக்கம் ரீலோட் ஆகாமல் கண்ட்ரோலருக்கு (சர்வரில் கோரிக்கையை வாங்கிக் கையாளும் நிரல்) கோரிக்கை போக வேண்டும். பதில் வந்ததும் அந்த வரி மட்டும் மறைய வேண்டும்.

பலர் முதலில் சறுக்குவது ஃபார்மில். ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எழுதாவிட்டால் பிரவுசர் அதை சப்மிட் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் கட்டளை) கிளம்பும்போதே பக்கமும் மாறுவதால் கோரிக்கை பாதியில் அறுந்துபோகும். டைப்பை 'பட்டன்' என்று கொடுத்தால் போதும்.

எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். அங்கே கோரிக்கையே தெரியவில்லையா, கோளாறு ஜாவாஸ்கிரிப்ட்டில். சர்வர் தரும் பதில் எண் 404 என்றால் முகவரியைச் சரிபாருங்கள். 405 வந்தால் முகவரி சரி, முறைதான் தவறு: கண்ட்ரோலர் போஸ்ட் (தரவை அனுப்பும் முறை) கேட்கிறது, நீங்கள் கெட் (தரவைக் கேட்டு வாங்கும் முறை) அனுப்புகிறீர்கள். 415 வந்தால் பெரும்பாலும் ஜேசனை (தரவை எழுதும் ஒரு வடிவம்) அனுப்பிவிட்டு, அது எந்த வடிவம் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரை மறந்திருப்பீர்கள். சர்வர் பக்க ஃபிரேம்வொர்க்குகளான லாராவெலில் 419, ஜாங்கோவில் 403 என்றால் முதலில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) சந்தேகியுங்கள். 500 என்றால் கோளாறு சர்வரில்; அதற்கு விடை பெரும்பாலும் பிரவுசரில் கிடைக்காது, சர்வர் லாகில்தான் (சர்வரின் பதிவுக் கோப்பு) இருக்கும்.

நேர்முகத் தேர்வில் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சர்வர் 500 அனுப்பினாலும் ஃபெட்ச், பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குப் போகாது. இணைப்பு கிடைக்காதது போன்ற காரணத்தால் பதிலே கைக்கு வராதபோதுதான் போகும். அதனால் பதில் வெற்றியா என்று சொல்லும் 'ரெஸ்பான்ஸ்.ஓகே'யை நீங்களே சோதிக்க வேண்டும். சோதிக்காவிட்டால் திரையில் வரி மறைந்துவிடும், டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். பயனர் நீக்கிவிட்டோம் என்று நம்பிப் போய்விடுவார். பிழைச் செய்தி வருவதைவிட இது மோசம்.

இரண்டு முறை அழுத்தினால் இரண்டு கோரிக்கை போகும். ஆகவே அழுத்தியதும் பட்டனை முடக்கி, வெற்றியோ தோல்வியோ கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் மீண்டும் இயக்குங்கள். பிறகு சேர்த்த வரியின் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், கிளிக்கை ஒவ்வொரு பட்டனிலும் கேட்காமல், எல்லா வரிகளும் இருக்கும் அட்டவணையிலேயே கேளுங்கள். நீக்கும் வேலையை கெட்டில் வைக்கவே வைக்காதீர்கள். லிங்க்குகளைத் தானாகத் திறந்து பார்க்கும் தேடல் ரோபோ கூட நீக்கிவிடும்.

முடித்ததும் டோக்கனை எடுத்துவிட்டு, முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி, சர்வரை நிறுத்திவிட்டு, மூன்று தடவை வேண்டுமென்றே உடையுங்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் பயனருக்கு என்ன தெரிகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போங்கள்.