பொருந்தாத இணையை நம்பவைப்பது எப்படி?

வணக்கம். குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலை உரிமையாளரின் மகளும் ஊட்டி கேரட் லாரி ஓட்டுநரும் காதலிக்கும் உங்கள் குறும்படக் கதையைப் படித்தவர்கள் ‘நம்ப முடியவில்லை’ என்றதாக எழுதியிருந்தீர்கள். குறை அந்த இணையில் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் தவறாக எடைபோடும் கட்டம் கதையில் இல்லை. முதல் சந்திப்பில் போட்ட கணக்கு சிறிது சிறிதாகப் பிழையாவதைக் கண்ணெதிரே காண்பதற்காகத்தான் இத்தகைய படங்களை நாம் விரும்பிப் பார்க்கிறோம். 1934இல் வெளிவந்த ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ படத்தில், செல்வர் வீட்டுப் பெண்ணும் வேலையிழந்த செய்தியாளரும் ஒரே அறையில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுத் தங்குகிறார்கள் (எனக்கு மிகவும் பிடித்த காட்சி). விலகிப்போக இடமில்லாத அந்த நெருக்கம்தான் உங்கள் கதைக்கும் தேவை.

லாரியைப் பழுதுபார்க்க மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு வரும் ஓட்டுநரையும் அந்தப் பெண்ணையும், ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும் மலை ரயிலில் ஏற்றி, மண்சரிவால் ஹில்குரோவ் நிலையத்தில் நிறுத்திவிடுங்கள். தன் பிளாஸ்க்கிலிருந்து ஓட்டுநர் தயக்கத்துடன் தேநீர் ஊற்றிக் கொடுக்கட்டும். அந்தப் பெண் ஒரு வாய் பருகிவிட்டு, “இலையை அதிக நேரம் புளிக்க விட்டுவிட்டார்கள்” என்று சொல்லட்டும். தேயிலைத் தொழிற்சாலையின் இரவுப் பணியில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவருக்கே வரும் பேச்சு அது என்பது ஓட்டுநருக்குப் புரியும். காதல் வசனத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.