அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி. எனக்கு தினமும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மாதம் ஒரு தடவை எல்லோருமாகச் சேலம் போவோம். கார் வாங்க வேண்டும். வேகன் ஆர், ஸ்விஃப்ட், பலேனோ, பஞ்ச் நான்கையும் பார்த்தாயிற்று. போகிற ஷோரூமில் எல்லாம் ‘இதுலதான் சார் ஸ்பேஸ் அதிகம்’ என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு அளவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

பிரோஷரில் முதலில் காட்டுவது வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் நடுவில் உள்ள தூரம். பலேனோவுக்கு 2,520 மி.மீ., ஸ்விஃப்டுக்கு 2,450, பஞ்ச்சுக்கு 2,445, வேகன் ஆருக்கு 2,435. இந்தக் கணக்கில் வேகன் ஆர் கடைசி. ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்தால் ஸ்விஃப்டைவிட அதில்தான் முழங்காலுக்குத் தாராளம். ஸ்விஃப்டின் உயரம் 1,520 மி.மீ., வேகன் ஆர் 1,675. ஆறு அங்குலம் கூடுதல். திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறவருக்கு எவ்வளவு இடம் வேண்டும், பாயில் கால் நீட்டி உட்காருகிறவருக்கு எவ்வளவு வேண்டும், யோசித்துப் பாருங்கள். கூரை உயர்ந்தால் சீட்டையும் உயர்த்தலாம், கால் கீழ்நோக்கி இறங்கும், நீளம் மிச்சமாகும்.

அதே வேகன் ஆர் அகலத்தில் மாட்டிக்கொள்ளும். வெளி அகலம் 1,620 மி.மீ.தான், ஸ்விஃப்ட் 1,735, பஞ்ச் 1,742. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். (நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு 2006-லிருந்து வரிச் சலுகை இருக்கிறது. பலேனோ 3,990 மி.மீ.யில் நிற்பது அதனால்தான். நீளத்துக்குக் கடிவாளம் போட்டாயிற்று, கம்பெனிகள் உயரத்திலும் அகலத்திலும் விளையாடுகின்றன.)

இனி அம்மா. மூட்டு வலிக்காரருக்குக் காருக்குள் உட்கார்ந்திருப்பதைவிட ஏறி இறங்குவதுதான் பாடு. கதவைத் திறந்து சீட்டின் பக்கத்தில் அவரை நிற்க வையுங்கள். சீட்டின் மேல்பரப்பு அவருடைய பாதித் தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் எங்காவது வந்தால் சரி. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம்; முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கலாம். பலேனோ, ஸ்விஃப்ட் மாதிரித் தாழ்ந்த கார்களில் உட்காரும்போது ‘பொத்’தென்று விழ வேண்டியிருக்கும், எழும்போது முழங்காலில் கையை ஊன்ற வேண்டியிருக்கும். பஞ்ச்சில் வேறு சிக்கல். தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நிற்கும் வண்டி, சேலையோடு காலைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்க வேண்டும். அதன் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும் என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அல்சூர்ச் சந்தில் எந்தக் கதவு 90 டிகிரி திறக்கிறது? உங்கள் வீட்டு வாசலில் சுவரை ஒட்டி நிறுத்தினால் எவ்வளவு திறக்குமோ, அந்த அளவு மட்டும் திறந்துவைத்து அவரை ஏறச் சொல்லுங்கள். கையை எங்கே பிடிக்கிறார், தலை இடிக்கிறதா, கவனியுங்கள்.

அடுத்தது சீட்டின் நீளம். இங்கேதான் ஏமாறுகிறோம். பின் சீட்டின் குஷனை இரண்டு அங்குலம் குட்டையாக்கினால் முழங்காலுக்கு முன்னால் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தெரியும். பார்ப்பவர் ‘அடேயப்பா, என்ன லெக்ரூம்’ என்பார். தொடை அந்தரத்தில் தொங்குவது ஓசூர் தாண்டிய பிறகுதான் உறைக்கும். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குஷனின் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் என்றால் நல்லது. முழு உள்ளங்கையும் புகுந்தால் அந்த சீட் நெடுந்தூரத்துக்கு ஆகாது. மெத்தென்று இருக்கிறதே என்றும் மயங்காதீர்கள். நான் வாங்கிய முதல் கார் அப்படித்தான், ஷோரூமில் சோபா மாதிரி இருந்தது. கிருஷ்ணகிரி டோல் வருவதற்குள் இடுப்பு செத்துவிட்டது. கொஞ்சம் இறுக்கமான குஷன்தான் மூன்று மணி நேரம் தாங்கும்.

ஷோரூமில் முன் சீட்டைப் பெரும்பாலும் முன்னுக்குத் தள்ளியே வைத்திருப்பார்கள். நீங்கள் ஓட்டும் நிலைக்கு சீட்டைக் கொண்டுவந்துவிட்டு, இறங்கி, அதற்கு நேர் பின்னால் போய் உட்காருங்கள். டிரைவர் சீட்டுக்கு உயரம் மாற்றும் வசதி இருந்தால் அதை முழுக்கத் தாழ்த்தியும் பாருங்கள். பின்னால் இருப்பவரின் பாதம் நுழையும் இடம் பாதி மறைந்துவிடும். வேலைக்குப் போகிற வழியில் வரும் சில்க் போர்டு நெரிசலுக்கு உங்கள் இடது காலை கிளட்ச்சுக்குப் பக்கத்தில் ஓய்வாக வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கி: பஞ்ச் 366 லிட்டர், வேகன் ஆர் 341, பலேனோ 318, ஸ்விஃப்ட் 265. சேலத்திலிருந்து மாம்பழப் பெட்டி ஏற்றுகிற குடும்பத்துக்கு ஸ்விஃப்ட் போதாது. வேகன் ஆரில் எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டியை எடுத்தால் டிக்கியை மறந்துவிடுங்கள், சிலிண்டர் அடைத்துக்கொள்ளும்.

என் கணக்கில் ஸ்விஃப்டும் பலேனோவும் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. மிச்சம் இரண்டு. நெடும்பயணத்தில் அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், மனைவி பிள்ளைகளோடு பின்னால். (வீட்டில் இதற்கு ஒரு பேச்சுவார்த்தை தேவைப்படலாம், அதில் நான் தலையிடவில்லை.) இன்றைக்கு இந்த ஏற்பாட்டுக்கு வேகன் ஆரின் அகலம் போதும். நாலு வருஷத்தில் பெரிய பிள்ளைக்கு 16 வயது, தோள் அகன்றுவிடும். சேலம் வழியில் வரும் தொப்பூர் மலை வளைவுகளில் அகலம் குறைந்த உயரமான வண்டி கொஞ்சம் ஆடவும் செய்யும். அதனால் அம்மா பஞ்ச்சின் முன் சீட்டில் கைத்தாங்கல் இல்லாமல் ஏறிவிட்டால் பஞ்ச். யாராவது பிடிக்க வேண்டியிருந்தால் யோசிக்காமல் வேகன் ஆர்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூம்காரர் தரும் இரண்டு கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவில் எதுவும் தெரியாது. பெங்களூரில் டிரைவர் இல்லாமல் வாடகைக்குக் கார் கிடைக்கிறது; நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடலை ஒரு சனி, ஞாயிறுக்கு எடுத்து ஐந்து பேரும் சேலம் போய் வாருங்கள். சுமார் 200 கிலோமீட்டர். வழியில் டீக்கு நிறுத்தும்போது அம்மா எப்படி இறங்குகிறார் என்று மட்டும் தள்ளி நின்று பாருங்கள்.