கவுண்டி வருமானமும் கடலூர்க் கணக்கும்

கேள்வி: மகன் இருக்கும் அமெரிக்க கிராமப்புற கவுண்டியில் குடும்ப வருமானம் வருடாவருடம் ஏறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. சின்ன கவுண்டி என்றால், அதாவது 65,000 பேருக்குக் குறைவென்றால், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பீரோ ஐந்து வருடப் பதில்களைச் சேர்த்துத் தரும் ஐந்தாண்டு சர்வே கணக்கைத்தான் நம்ப வேண்டும், அதில் வருவது சராசரி இல்லை, வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வீட்டின் வருமானம். 2015–2019ஐ 2016–2020ஓடு ஒப்பிடாதீர்கள், நான்கு வருடம் இரண்டிலும் இருக்கிறது. 2010–2014ஓடு ஒப்பிடுங்கள், விலைவாசியைச் சரிக்கட்டிய பிறகு. அப்புறம் பிழை வரம்பு, அதாவது சர்வே கணக்கு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற அளவு, ஏற்றம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டால் ஏறியது என்று சொல்ல முடியாது. வருடாவருடம்தான் வேண்டுமென்றால் வரிக்கணக்கையும் சேர்த்து மதிப்பிடும் ‘சைப்’ (SAIPE) என்ற சென்சஸ் பீரோவின் இன்னொரு கணக்கு இருக்கிறது. நம் கடலூருக்குச் சொல்லும் தனிநபர் வருமானமோ வெறும் சராசரி, நெய்வேலி மின்சாரமும் அதில் சேரும், விருத்தாசலத்து விவசாயிக்கு அதில் என்ன வந்தது?