கேள்வி–பதில்: பழைய நாணயங்களை விற்பதற்கு முன்

வாசகி, காரைக்குடி: என் மாமனார் காலமான பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, விக்டோரியா மகாராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோரின் தலை பொறித்த ரூபாய் நாணயங்கள் ஒரு துணிப்பையில் இருந்தன. நகைக்கடையில் எடைக்கு வெள்ளி விலை தருவதாகச் சொல்கிறார்கள். உறவினர்களோ நூறாண்டு கடந்தவை என்பதால் ஒவ்வொன்றும் லட்சம் பெறும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரு தரப்பையும் சற்று நிறுத்திவைத்துவிட்டு, முதலில் நாணயங்களை ஆட்சியாளர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பிரித்து அடுக்குங்கள். அம்மா, அந்தப் பையில் உள்ளவை எல்லாம் ஒரே வகைப் பொருள் அல்ல. விக்டோரியா காலம் முதல் ஐந்தாம் ஜார்ஜ் காலம் முடியும் வரை அச்சான ரூபாய் 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்டது. அதாவது ஒன்றில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. புலி உருவம் பொறித்த 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஆகவே மொத்தமாகத் தராசில் போட்டு விற்றால் யாராவது ஒருவர் ஏமாறுவது உறுதி, பெரும்பாலும் அது விற்பவராகத்தான் இருக்கும்.

வெள்ளியின் மதிப்பு என்பது அடி விலை. அதற்குக் கீழே எந்த நாணயமும் போகாது. அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதை வயது தீர்மானிப்பதில்லை என்பதற்கு உங்கள் பையிலேயே சான்று இருக்கக்கூடும். 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாயைக் கையில் எடுப்பவர்கள் அதைத்தான் பெரும் புதையலாக நினைப்பார்கள். ஆனால் அந்த ஆண்டெண்ணை மாற்றாமலேயே அக்காலத்து நாணயசாலைகள் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சடித்ததால், 1862 தேதியிட்ட ரூபாய் மிகத் தாராளமாகக் கிடைக்கிறது. பின்பக்கத்தில் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துச் சேகரிப்பாளர்கள் அவற்றை வகை பிரிக்கிறார்கள். சில புள்ளி வகைகளுக்கு மட்டுமே நல்ல விலை உண்டு.

இதற்கு மாறாக, அதைவிட மிகவும் பிந்தைய இரண்டு ஆண்டுகளைக் கவனமாகத் தேடிப் பாருங்கள். முதலாவது 1911. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்திருந்த சிறிய யானை உருவம் பன்றியைப் போலத் தெரிகிறது என்று இஸ்லாமியரிடையே எதிர்ப்பு எழுந்ததால், வெளியிடாமல் மீதமிருந்த நாணயங்களை உருக்கிவிட்டு, யானையைத் திருத்தி 1912 முதல் புதிதாக அச்சடித்தார்கள். அதனால் 1911ஆம் ஆண்டு ரூபாயைப் ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரிலேயே சேகரிப்பாளர்கள் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாவது, 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அதற்கு முந்தைய 1938 எளிதாகக் கிடைக்கும், 1939 அரிது. அரிது என்பதாலேயே அதற்குப் போலிகளும் உலவுகின்றன, எனவே அப்படி ஒன்று இருந்தால் எடையையும் விளிம்பையும் அறிந்தவரிடம் காட்டாமல் மகிழ்ச்சி அடைந்துவிட வேண்டாம்.

அடுத்தது தேய்மானம். ஒரே ஆண்டில் ஒரே நாணயசாலையில் அச்சான இரண்டு ரூபாய்களில், கைமாறிக் கைமாறி மழுங்கியது வெள்ளி விலைக்குச் சற்று மேலே நிற்க, புழக்கத்துக்கே வராமல் அச்சின் ஒளி மாறாதிருப்பது அதைப் போலப் பல மடங்கு பெறுவதை ஏலங்களில் காணலாம். மகாராணியின் கிரீடத்திலும் கன்னத்திலும் மன்னரின் அங்கியிலும் உள்ள மேடான பகுதிகள்தாம் முதலில் தேயும். அங்கே நுண்கோடுகள் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து புளி போட்டோ விபூதி போட்டோ துலக்கிவிடாதீர்கள். பூசை வெள்ளிக்கு அது சரி. நாணயத்தின் மேல் காலப்போக்கில் படிந்த கருமை அதன் இயற்கையான தோல். அதைத் தேய்த்து எடுத்தால் மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழும், அவற்றைத் திரும்ப நீக்க எந்த வழியும் இல்லை. துலக்கிய நாணயத்துக்குப் பாதி விலைகூடக் கிடைக்காமல் போவதுண்டு. எத்தனையோ நல்ல நாணயங்கள் விற்பனைக்கு முந்தைய நாளில் இப்படி வீணாகியிருக்கின்றன.

விற்கும்போது, ஒவ்வொன்றின் இருபுறத்தையும் படமெடுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, குறைந்தது மூன்று நாணய வணிகர்களிடம் தனித்தனியே விலை கேளுங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. விற்று முடிந்த விலைதான் விலை. நாணய ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களின் முடிவுகளை இணையதளங்களில் வைத்திருக்கின்றன, அவற்றோடு ஒப்பிடுங்கள். வந்து பார்க்கும் வணிகர் பை முழுவதையும் விட்டுவிட்டு மூன்றே மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தாராளமாகப் பேசினால், பையின் மதிப்பு பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கிறது என்று பொருள். அவற்றை அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். எஞ்சிய சாதாரண நாணயங்களை வெள்ளி விலை உயர்ந்திருக்கும் காலத்தில் விற்கலாம், ஏனெனில் அவை வெள்ளியோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. அரிய நாணயங்கள் வெள்ளிச் சந்தையைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு விரும்பி வாங்குபவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கணக்கு.

வாசகர், கும்பகோணம்: தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் வெளியான 1,000 ரூபாய் நாணயத்தை நாணயசாலை உறையோடு வைத்திருக்கிறேன். பின்னர் வந்த நினைவு நாணயத் தொகுப்புகளையும் வாங்கினேன். பிள்ளைகளுக்கு இது நல்ல முதலீடுதானா?

பதில்: பெரிய கோயில் நாணயத்தை நானும் மிகவும் விரும்புகிறேன். இந்தியாவில் 1,000 ரூபாய் மதிப்பில் வந்த முதல் நாணயம் நம் கோயிலைத் தாங்கி வந்தது என்பது நமக்குப் பெருமை. 35 கிராம் எடையில் 80 விழுக்காடு வெள்ளியும் 20 விழுக்காடு செம்பும் கொண்ட அதில் 28 கிராம் வெள்ளி இருக்கிறது. தவிர, கோயில் மீது பற்றுள்ள தமிழர்கள் இருக்கும்வரை வாங்குவோருக்கும் குறைவிராது. சில்லறையில் புழங்கிய அதே கோயிலின் ஐந்து ரூபாய் நாணயத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது சாதாரணமாகக் கிடைப்பது.

ஆனால் ‘முதலீடு’ என்று கேட்டதால் கணக்கையும் சொல்ல வேண்டும். நாணய வணிகர் 100 ரூபாய்க்கு விற்கும் ஒன்றை உங்களிடமிருந்து வாங்கும்போது பொதுவாக 60 முதல் 70 ரூபாய்க்குள்தான் தருவார். கடை வாடகையும் நாணயம் விற்காமல் முடங்கிக் கிடக்கும் காலமும் அவருடைய செலவு என்பதால் அதில் தவறு காண முடியாது. இப்போது 5,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு தொகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பணத்தை 7 விழுக்காடு கூட்டு வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 9,800 ரூபாய் ஆகியிருக்கும். அந்த 9,800 ரூபாய் உங்கள் கைக்கு வர வேண்டுமென்றால், வணிகரின் கண்ணாடிப் பெட்டியில் அத்தொகுப்பின் விலை 14,000 ரூபாயாக ஏறியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு ஏறும் தொகுப்புகள் சில, ஏறாதவை பல.

வெளியீட்டின்போது பரபரப்பாகப் பேசப்பட்டு, முன்பதிவு கிடைக்காதவர்கள் அவசரமாக வெளிச்சந்தையில் அதிக விலை கொடுப்பதும், பரபரப்பு அடங்கியபின் அந்த விலை இறங்குவதும் நினைவு நாணயங்களில் திரும்பத் திரும்ப நடப்பது. தலைவர்களின் நூற்றாண்டு நாணயங்களில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். எனவே விற்கும் எண்ணத்தோடு வாங்குபவர் வெளியான முதல் வாரங்களில் விற்க வேண்டும், இல்லையேல் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலம் அநேகமாக ஏமாற்றமே தரும். வைத்திருப்பதாக முடிவு செய்தால், உறையையும் சான்றிதழையும் அசலாகக் காப்பாற்றுங்கள், பிளாஸ்டிக் உறையிலிருந்து நாணயத்தை வெளியே எடுக்காதீர்கள், விரல் ரேகை படிந்தால் அது பல ஆண்டுகள் கழித்துப் பழுப்பாகத் தெரியும். மலிவான பிவிசி ஆல்பங்களில் வைத்தால் பச்சைப் பிசுபிசுப்பு படியும்.

பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதென்றால், எதை எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் ரசீதோடு எழுதி வைத்துவிடுங்கள். அந்த நோட்டு இல்லாத தொகுப்புகள்தாம் பின்னாளில் எடைக்குப் போகின்றன.

வாசகர், ஓசூர்: வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம் தருவதாக முகநூலில் விளம்பரம் பார்த்துத் தொடர்புகொண்டேன். ரிசர்வ் வங்கியின் முத்திரையிட்ட கடிதம் அனுப்பினார்கள். பதிவுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். 2012ஆம் ஆண்டின் அந்த நாணயம் பெட்டிக்கடைச் சில்லறையில்கூட வரக்கூடியது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கும், விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தன் பெயரைப் பயன்படுத்த எவருக்கும் அனுமதி தரவில்லை என்றும் ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. பொருளை வாங்குபவர் பணம் தருவார். பொருளை விற்பவரிடம் பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன். ராமர், அனுமன் உருவங்களோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று பொறித்த செப்புக் காசுகளைக் கம்பெனி ஒருபோதும் வெளியிடவில்லை. அவை அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தவை, வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி நம் ஊர்களில் வீட்டை அடகு வைக்கச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

வாசகர், பட்டுக்கோட்டை அருகில்: வயலில் வரப்பு வெட்டும்போது ஒரு சிறு கலயத்தில் செப்புக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் ஒருவர் நிற்பது போலவும் மறுபக்கம் அமர்ந்திருப்பது போலவும் தெரிகிறது. வெளியே சொல்லாமல் விற்றுவிடச் சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் முதலாம் ராசராசனின் பெயர் நாகரி எழுத்தில் உள்ள சோழர் காசாக இருக்கலாம். இவை மிகப் பெருமளவில் அச்சிடப்பட்டு இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால், ஆயிரம் ஆண்டுப் பழமை இருந்தும் ஒரு காசின் சந்தை விலை பெரிதல்ல. அந்தச் சிறு தொகைக்காக நீங்கள் சட்டத்தின் பிடியில் சிக்க வேண்டியதில்லை. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது, மறைப்பது தண்டனைக்குரியது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். முறையாகத் தெரிவித்தவருக்கு உரிய பங்கையோ இழப்பீட்டையோ பெறவும் அச்சட்டத்தில் வழி இருக்கிறது.

கலயத்தையும் சேர்த்தே ஒப்படையுங்கள். எந்த வயலில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையில், எத்தனை காசுகள் ஒன்றாகக் கிடந்தன என்பதெல்லாம் வரலாற்றாய்வாளருக்குக் காசைவிட மேலானவை. சந்தைக்குப் போய்ப் பிரிந்துவிட்டால் அந்தச் செய்தியை எந்த விலை கொடுத்தும் திரும்பப் பெற முடியாது.

வாசகி, மதுரை: நாணயங்களை அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பித் தரச்சான்று பெற்றால் விலை கூடுமா?

பதில்: பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் குறித்து, நாணயத்தைப் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. போலி அல்ல என்ற உறுதி கிடைப்பதால் அரிய, தேயாத நாணயங்களுக்கு விலை கூடும். ஆயிரம் இரண்டாயிரம் பெறும் நாணயத்துக்குக் கட்டணமும் அனுப்பும் செலவுமே அதன் விலையைத் தின்றுவிடும்.

வாசகி, நாகர்கோவில்: பாட்டியின் காசு மாலையை அழித்து நகை செய்யப் போகிறோம். அதில் உள்ள ராணி தலை, ராஜா தலைக் காசுகளைத் தனியாக விற்றால் லாபமா? ஒன்றிரண்டை கனடாவில் இருக்கும் என் தம்பி கேட்கிறான்.

பதில்: கண்ணி பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது, கண்ணியை அறுத்து எடுத்தாலும் தழும்பு நிற்கும். ஆகவே மாலையில் கோத்த சவரன்களைத் தங்கமாகவே கருதுங்கள்: ஒன்று 7.98 கிராம், 22 காரட், அதில் தூய தங்கம் 7.32 கிராம். மாலையில் கோக்காமல் தனியாகக் காசுகள் இருந்தால் மட்டும் ஒருமுறை பாருங்கள். 1918ஆம் ஆண்டுக் காசில், குதிரை வீரரின் காலடித் தரைக்கோட்டில், ஆண்டெண்ணுக்கு மேலே நடுவில் ‘ஐ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அச்சானது. லண்டன் அரச நாணயசாலையின் பம்பாய்க் கிளை சவரன் அச்சடித்தது அந்த ஓர் ஆண்டில்தான். அதற்குத் தங்க விலைக்கு மேலே ஓரளவு கிடைக்கும், உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

தம்பிக்கு அனுப்புவதில் கவனம் தேவை. நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகிவிடுவதால், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவோ அஞ்சலில் அனுப்பவோ அனுமதி இல்லை. பாட்டியின் காசுகளில் பெரும்பாலானவை அந்த வயதைக் கடந்திருக்கும். அவர் ஊருக்கு வரும்போது இங்கேயே வைத்துக்கொள்ளும்படி கொடுங்கள், அல்லது அவருடைய பங்குக்கான பணத்தை அனுப்பிவிடுங்கள்.