ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தில், பழைய நாட்டார் பாடல்களை மின்கிதாரில் வாசித்ததைத் தவிர வேறென்ன சிறப்பு இருக்கிறது?

மின்கிதாரைச் சேர்த்தது மட்டுமே சிறப்பாக இருந்திருந்தால், 1969 டிசம்பரில் வெளியான அந்த ஆல்பத்தை நான் இத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அதில் கதைப்பாடல் முன்னே நடக்கிறது, ராக் இசை அதன் பின்னே செல்கிறது. இந்த வரிசை மாறாமல் இருப்பதுதான் அதன் பெருமை என்பது என் கருத்து.

‘மேட்டி குரோவ்ஸ்’ பாடலைக் கேட்டால் இது விளங்கும். அமெரிக்க அறிஞர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த பழைய கதைப்பாடல்களில் 81ஆம் எண்ணுடையது அது. தேவாலயத்தில் கண்ட இளைஞனைப் பிரபுவின் மனைவி தன் வீட்டுக்கு அழைக்கிறாள். அதைக் கேட்டுவிட்ட வேலையாள் ஓடிச்சென்று, ஓடை குறுக்கிட்ட இடத்தில் காலணிகளைக் கழற்றிவிட்டு நீந்திக் கடந்து பிரபுவிடம் சொல்கிறான். பிரபு இளைஞனைக் கொன்றபின், எங்கள் இருவரில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று மனைவியைக் கேட்கிறான். உன் செல்வத்தைவிட இறந்தவனின் முத்தமே மேல் என்று சொன்ன அவளையும் கொன்றுவிட்டு, இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லும்போதுகூட, உயர்குடியில் பிறந்தவள் என்பதால் அவளை மேலே வைக்குமாறு ஆணையிடுகிறான். இவ்வளவு கொடுமையையும் குழுவின் பாடகி சாண்டி டென்னி குரலை உயர்த்தாமல், அழுகையை வலிந்து வரவழைக்காமல், நடந்ததைச் சொல்பவராகவே பாடுகிறார். அடக்கிவைத்த வேகம் முழுவதும், கதை முடிந்த பிறகே டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலிலும் ரிச்சர்ட் தாம்சனின் கிதாரிலும் வெளிப்படுகிறது. சொற்கள் முடியும்வரை அவ்விருவரும் காத்திருப்பதை ஒவ்வொரு முறையும் வியப்போடு கேட்கிறேன்.

டிரம்ஸ் கலைஞர் டேவ் மாட்டக்ஸ் நடன இசைக்குழுக்களில் வாசித்துவிட்டு வந்தவர். நாட்டார் இசை அவருக்குப் புதிது. அதனால்தானோ என்னவோ, அடிகளை நிரப்பித் தள்ளாமல் இடைவெளி விட்டு வாசிக்கிறார். ஏழு நிமிடங்களைத் தாண்டும் ‘டாம் லின்’ பாடலில் அந்தச் சிக்கனம் கதைக்குத் தரும் கனத்தைக் கவனியுங்கள்.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969 மே 12 அன்று, நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. மாட்டக்ஸுக்கு முன் குழுவில் இருந்த 19 வயது டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும் தாம்சனின் தோழியும் உயிரிழந்தார்கள். எஞ்சியவர்கள், விபத்துக்கு முன் தாங்கள் வாசித்துவந்த பாடல்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. வின்செஸ்டர் அருகே ஒரு கிராமத்து வீட்டில் சேர்ந்து தங்கிப் புதிய பாடல்களை உருவாக்கினார்கள். பேஸ் கிதார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டனிலுள்ள நாட்டார் இசை மையமான செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் பழம்பாடல்களைத் தேடினார். நாட்டார் பாடகர் மார்ட்டின் கார்த்தியுடன் பல ஆண்டுகள் வாசித்த ஸ்வார்பிரிக்குக்கோ அந்தப் பாடல்கள் ஏற்கெனவே கைவந்தவை. ஒருவர் படித்து அடைந்ததையும் மற்றவர் வாசித்து அடைந்ததையும் தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஒரே ஒலிப்பதிவில் இணையவைத்தார்.

எனக்கு மிக நெருக்கமானவை புதிதாக எழுதப்பட்ட பாடல்களே. ‘ஃபேர்வெல் ஃபேர்வெல்’ பாடலுக்குப் பழைய கதைப்பாடல் ஒன்றின் மெட்டில் தாம்சன் சொற்களை அமைத்தார். அவரும் ஸ்வார்பிரிக்கும் இயற்றிய ‘கிரேசி மேன் மைக்கேல்’ பாடலில், பேசும் அண்டங்காக்கையை ஒருவன் கொல்கிறான். விழுந்து கிடப்பது அவனுடைய காதலி. சில மாதங்களுக்கு முன் தோழியை இழந்த, இருபது வயதே ஆன ஒருவர் எழுதிய வரிகள் என்பதை அறியாமல் கேட்பவர், அதுவும் பல நூற்றாண்டுப் பழமையான பாடல் என்றே எண்ணிவிடுவார். ஆல்பம் அந்தப் பாடலோடு முடிகிறது. அது கடைகளுக்கு வருவதற்கு முன்பே டென்னியும் ஹட்சிங்ஸும் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள்.