அம்மம்மாவின் குரல் கேட்கிறது என்கிறாள் மகள்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். ஊர் பருத்தித்துறை. மகளுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்து அவளை வளர்த்தது என்ர அம்மாதான். அம்மா ஊருக்குப் போன இடத்தில் ஏழு மாதத்துக்கு முதல் காலமாகிவிட்டா. எங்களால் போக முடியவில்லை, செத்தவீட்டை வீடியோவில்தான் பார்த்தோம். மகள் இப்ப ஒருத்தரோடும் கதைப்பதில்லை. இரவில் அம்மம்மா கூப்பிடுவது கேட்குது என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தால் பிள்ளைகளுக்கான மனநல டொக்டரிடம் அனுப்பினார்கள். என்ர ஆங்கிலம் போதாது என்று மகள்தான் மொழிபெயர்த்தாள். நாவூறு, கண் பட்டது என்று நூல் கட்டினதையும் சொன்னேன். டொக்டர் எல்லாத்தையும் எழுதினா. பிறகு என்னை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகக் கதைத்தா. என்ர பிள்ளைக்கு விசரா? நூல் கட்டினதைச் சொன்னது பிழையா? வெளியில் என்னோடு தமிழில் கதைக்க வெட்கப்படுகிறாள், தன்ர பெயரையும் சுருக்கிவிட்டாள். இதுவும் அந்த வருத்தத்தால்தானா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து உங்கள் மகளுக்கு விசர் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஒன்றுமில்லை, தானாகச் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டார். ஏழு மாதமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளையை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் அனுப்பியது நல்லது.

இறந்தவரின் குரல் கேட்பது நம் ஊர் மூடநம்பிக்கை என்று நீங்கள் கூச வேண்டாம். வேல்ஸ் கிராமப்புறத்தில் டெவி ரீஸ் என்றொரு குடும்ப மருத்துவர் இருந்தார். கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் தங்களோடு இருப்பதை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். 100க்கு 13 பேருக்குக் குரலே கேட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவர்கள் பெரியவர்கள், உங்கள் மகள் சிறுமி. ஆகவே அந்தக் கணக்கை அப்படியே அவளுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் துக்கத்தில் குரல் கேட்பதற்கு எந்த நாட்டுக்காரர் என்ற பேதம் இல்லை.

மருத்துவர் பார்ப்பது வேறு விஷயங்களை. குரல் எப்போது கேட்கிறது? கண் அயரும் நேரத்திலா, பட்டப்பகலில் வகுப்பிலுமா? தெரிந்த ஒரே குரலா, தெரியாதவர்களும் பேசுகிறார்களா? பேர் சொல்லிக் கூப்பிடுவதோடு நிற்கிறதா, இதைச் செய் அதைச் செய் என்று ஏவுகிறதா? கேட்டபின் பிள்ளைக்கு ஆறுதலா, பயமா? தூக்கம், சாப்பாடு, படிப்பு எப்படி? இந்தப் பதில்கள்தான் துக்கத்தையும் நோயையும் பிரித்துக் காட்டும்.

ஒரு வாக்கியத்துக்கு மட்டும் காதைத் தீட்டி வைத்திருங்கள். "அம்மம்மாட்டப் போகோணும்" என்று அவள் சொன்னால், ஏக்கம்தானே என்று கடந்துவிடாதீர்கள். சாகவேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றாலோ, உடம்பில் கீறல் காயங்களைக் கண்டாலோ, குரல் அவளை ஏதாவது செய்யச் சொன்னாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். 111ஐ அழைத்து மனநல உதவிக்கான தெரிவை அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது குரலோ நூலோ அல்ல, மகள் மொழிபெயர்த்தாள் என்பதுதான். யோசித்துப் பாருங்கள். தன் தாய் தன்னைப் பற்றிப் படும் பயத்தை ஒரு 14 வயதுப் பிள்ளை தன் வாயாலேயே மருத்துவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எதைச் சொன்னாள், எதை விழுங்கினாள் என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். கேட்டால் தர வேண்டும். சந்திப்புக்குச் சில நாள் முன்பே தொலைபேசியில் சொல்லி வையுங்கள்.

சொல்லும்போது "தமிழ்" என்று மட்டும் சொல்லாமல் "இலங்கைத் தமிழ்" என்று சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. நான் மதுரைக்காரன். இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வன்னியிலிருந்து வந்த ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றி, "எந்த நேரமும் யோசிச்சுக்கொண்டிருக்கிறான்" என்றார். சிந்தனையுள்ள பையன் போலும் என்று நானும் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். உங்கள் ஊரில் யோசிப்பது என்றால் கவலைப்படுவது என்று மூன்றாவது சந்திப்பில்தான் எனக்கு உறைத்தது. தமிழ் தெரிந்த டாக்டர் என்ற பெருமையில் ஒரு பிள்ளையின் மூன்று மாதத்தை வீணாக்கினேன். நீங்களே கடைசி வரியில் "வருத்தம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது நோயை. மதுரையில் அதைப் படிப்பவர் சோகம் என்று எடுத்துக்கொள்வார். மனம் தவிக்கும்போது நீங்கள் சொல்லும் "அந்தரமாக் கிடக்கு" என்பதற்கு எங்கள் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வாரோ!

ஹரோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் தெரிந்தவராக இருப்பாரே, கதை கோயில்வரை போய்விடுமே என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான தயக்கம். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால், தொலைபேசி வழியாக வேறு ஊரில் இருக்கும் ஒருவரைக் கேளுங்கள். பெயரே சொல்லாமல் பேசலாம்.

நூல் கட்டியதைச் சொன்னது பிழையா? இல்லை. மறைத்திருந்தால்தான் பிழை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், நோயாளியின் பண்பாட்டைக் கேட்டறிய 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலே இருக்கிறது. இந்தத் தொல்லையை உங்கள் வீட்டில் என்ன பெயரிட்டுச் சொல்கிறீர்கள், எதனால் வந்தது என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள், இதுவரை யாரிடம் உதவி கேட்டீர்கள் என்றெல்லாம் அதில் வரும். பிள்ளைகளிடம் கேட்பதற்குத் துணைப் பகுதி ஒன்றும் தனியாக உண்டு. உங்கள் மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தது அதற்காகவும் இருக்கலாம். என்ன எழுதினார் என்ற சந்தேகம் இருந்தால், குடும்ப மருத்துவருக்கு அனுப்பும் கடிதத்தின் பிரதியை உங்களுக்கும் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மனநல மருத்துவரிடம் நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று உண்டு: உங்கள் வீட்டுத் துக்க வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் இப்போது ஒரு நோயாகவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் முக்கியமானவை. உங்கள் மகள் ஏழாம் மாதத்தில் இருக்கிறாள். ஆண்டுத் திவசம் முடியும்வரை உங்கள் வீட்டில் கொண்டாட்டம் கிடையாது என்பது அந்த மருத்துவருக்குத் தெரியுமா? எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற சாவுச் சடங்குகள் ஊரில் நடந்தபோது இவள் எங்கே இருந்தாள்? ஒருவேளை வகுப்பில் இருந்திருப்பாள். பார்த்துப் பார்த்து வளர்த்தவளின் உடலை அவள் தொடவில்லை, ஒரு பிடி அரிசி போடவில்லை. கண்டது கைபேசித் திரையை மட்டும். இதையெல்லாம் விரிவாகச் சொல்லுங்கள். மருத்துவர் "அது உங்கள் பண்பாடு" என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் விடாதீர்கள். பண்பாட்டின் பேரைச் சொல்லி உண்மையான மனச்சோர்வைத் தவறவிட்ட மருத்துவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தனியாகப் பேசியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளிடம் அப்படித்தான் பேசுவார்கள். 16 வயதுக்குக் குறைந்தவர் என்றாலும், விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம் என்று 1985இலேயே, அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. உயிராபத்து போன்றவற்றை உங்களிடம் சொல்வார்கள். மற்றதை வீட்டுக்கு வரும் வழியில் துருவிக் கேட்காதீர்கள்.

பெயரைச் சுருக்கியதும் தமிழில் பேச வெட்கப்படுவதும் நோய் அல்ல. நீளமான தமிழ்ப் பெயரை வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு காலையும் குதறக் கேட்ட பிள்ளை வேறென்ன செய்யும்? எப்போது சுருக்கினாள் என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். அம்மம்மா இருந்த காலத்திலேயே என்றால் வயதின் வேலை. அம்மம்மா போன பிறகு என்றால் ஒருவேளை வேறு கதை. வீட்டில் அவளோடு நாள் முழுக்கத் தமிழ் பேசியவர் அவர்தானே. அந்த மொழியில் வாய் திறந்தாலே அவர் நினைவு வரலாம். இது என் ஊகம்தான், மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். பள்ளியில் யாராவது அவள் நிறத்தையோ பேச்சையோ வைத்துக் கேலி செய்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். "தமிழச்சி மாதிரி இரு" என்று இப்போது கண்டிக்க வேண்டாம். அவள் ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள்.

கையில் நூல் இருப்பதால் சிகிச்சைக்கு ஒரு கெடுதலும் இல்லை. மருந்து வேண்டாம், நூலே போதும் என்று யாரும் சொல்லாதவரை இருக்கட்டும். அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் அவிழ்த்து, அம்மம்மா படத்துக்கு முன் வைத்துவிடச் சொல்லுங்கள். ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. படையலுக்கு என்ன சமைப்பது என்று இப்போதே அவளிடம் கேட்டு வையுங்கள்.