53 வயதில் வீணைக்கு மேளம் கட்டக் கற்றுக்கொள்ளலாமா?

வணக்கம் சார்,

கோவையில் ஒரு தனியார் பள்ளியில் 24 வருஷமாகப் பாட்டு டீச்சராக இருக்கிறேன். வயது 53. மாலையில் வீட்டில் வீணை சொல்லித்தருகிறேன். பள்ளியில் இந்த வருஷம் பாட்டு வகுப்பை வாரத்துக்கு ஒரு பீரியடாகக் குறைத்துவிட்டார்கள். அந்த ஒரு பீரியடும் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுவதிலேயே போய்விடுகிறது. யார் மேலும் கோபம் இல்லை. ஆனால் முதல் பாடமான சரளி வரிசையைக்கூட முழுசாகச் சொல்லித்தராமல் பிள்ளைகளை மேடையேற்றுவது மனசுக்கு ஒப்பவில்லை.

என் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சுருதி பார்த்துப் பதிக்க, எப்போதும் தஞ்சாவூருக்குத்தான் கொண்டுபோவேன். போன தடவை கட்டிக்கொடுத்த ஆசாரி, "நீங்க காதால சொல்றதைத்தான் நான் கையால செய்யறேன். உங்களுக்கே கை பழகிட்டா ரொம்ப நல்லா வரும்மா" என்றார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் சொன்னது மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. பள்ளி வேலையை விட்டுவிட்டு, தஞ்சாவூருக்கே குடிபோய், மேளம் கட்டக் கற்றுக்கொண்டு அதையே தொழிலாகச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். கணவர் ஓய்வுபெற்றவர். "எங்க இருந்தாலும் எனக்குச் சரி" என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகள்தான், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பழைய வித்வான்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அவர்களில் யாராவது இவ்வளவு பிந்தி ஊரையும் வேலையையும் மாற்றிக்கொண்டதுண்டா? நான் நினைப்பது சரிதானா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உண்டு. ஒருவர் இருவர் அல்ல.

மைசூர் வாசுதேவாச்சாரியார் 1865இல் பிறந்தவர். மைசூர் அரண்மனை ஆஸ்தான வித்வானாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். சமஸ்தானங்களின் காலம் முடிந்த பிறகு, எண்பதைத் தாண்டிய வயதில், ருக்மிணி தேவி அழைத்ததால் சென்னைக்கு, அடையாறில் அவர் நடத்திவந்த கலாக்ஷேத்ரா கலைப்பள்ளிக்கு வந்தார். சும்மா கௌரவத்துக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கவில்லை. தொண்ணூறை ஒட்டிய வயதில் ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசையமைத்தார். அதுவரை அவர் செய்துவந்தது கீர்த்தனை எழுதுவதும் கச்சேரி பாடுவதும் சிஷ்யர்களுக்குச் சொல்லித்தருவதும். ஆடுகிறவர்களின் காலுக்கும் கதையின் ஓட்டத்துக்கும் ஏற்றபடி வால்மீகியின் சுலோகங்களுக்கு ராகம் அமைப்பது வேறு வேலை. அவர் விட்ட இடத்திலிருந்து மீதியை முடித்தவர் பேரர் எஸ். ராஜாராம்.

டைகர் வரதாச்சாரியார் சர்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, அதை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காகச் சிதம்பரத்துக்குக் குடிபோனார். பிற்பாடு கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். காரைக்குடி சாம்பசிவ ஐயரும் கடைசி வருஷங்களை அங்கேதான் வீணை சொல்லித்தருவதில் கழித்தார். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நெட்டுக்குத்தாகப் பிடித்து வாசிக்க, இவர் மடியில் கிடத்தி வாசிக்க, சேர்ந்தே கச்சேரி செய்தவர்கள். அண்ணன் போன பிறகு தம்பிக்கு அந்த வாழ்க்கை அப்படியே திரும்பக் கிடைத்திருக்காது. அடையாறில் அவருக்குக் கிடைத்தது வேறொரு வாழ்க்கை.

ஆனால் இந்தப் பெயர்களை மட்டும் சொல்லி உங்களை ரயிலேற்றிவிட எனக்கு மனசில்லை. இந்த மூவரையும் யாரோ கூப்பிட்டார்கள். போன இடத்தில் ஒரு நிறுவனம் இருந்தது. சம்பளம் இருந்தது, கற்றுக்கொள்ளக் காத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். வயதான காலத்தில் ஊர் மாறியவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய துணிச்சலைத்தான் பேசுகிறோம். கூப்பிட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கென்னவோ இந்த விஷயத்தில் பாதிப் பங்கு கூப்பிட்டவர்களுடையது. வயது பெரிய தடை இல்லை. அழைப்பில்லாமல் போய், எல்லாவற்றையும் நாமே முட்டுக்கொடுத்து நிறுத்துவதுதான் கஷ்டம்.

உங்களுக்கு அழைப்பு இருக்கிறதா? பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆசாரி சொன்னது முகஸ்துதி இல்லை. தொழில் தெரிந்தவர் பார்த்துச் சொன்னது. ஏன் அப்படி நம்புகிறேன் என்பதை, வீணை பழக்கமில்லாத வாசகர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

வீணையில் 24 மெட்டுகள், அதாவது சுரத்துக்காகத் தந்தியை வைத்து அழுத்தும் உலோகக் கம்பிகள். அவை மரத்தில் அறைந்தவை அல்ல. தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்துப் பகுதி) இரு விளிம்பிலும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகை வரப்பு மாதிரி நீளமாக வைத்து, அதில் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இதற்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். இந்த அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்வார்கள். மெழுகு என்பதால் வெயிலில் இளகும், நாளாவட்டத்தில் மெட்டு அமிழும், நகரும். கத்திரி வெயிலில் வீணையைக் காருக்குள் வைத்துவிட்டுப் போனவர்கள் பட்ட பாடு வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எவ்வளவு நல்ல பலாமரத்தில் செய்த வீணையானாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மேளம் கட்டியே ஆக வேண்டும்.

தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றில் அந்த வேலையை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசாரி முதலில் இரண்டாம் தந்தியான பஞ்சமத் தந்தியில் ஐந்தாம் மெட்டை அழுத்தி மீட்டினார். உடனே முதல் தந்தியான சாரணியை வெறுமே மீட்டினார். இரண்டும் ஒரே ஸட்ஜமமாக (ஸ) ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை. எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. மெட்டைக் கட்டைவிரலால் ஒரு மயிரிழை தள்ளினார். மறுபடி மீட்டினார். அப்புறம் சாரணியில் ஏழாம் மெட்டு, பஞ்சமம் (ப). பன்னிரண்டாம் மெட்டு, தார ஸட்ஜமம் (மேல் ஸ). அது சரியானதும் தடித்த நான்காம் தந்தியான அனுமந்தரத்துக்குப் போனார், அங்கே அதே மெட்டு கொஞ்சம் பிசகியது. விரலால் அழுத்தினாலே தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். தடித்த தந்திக்கு அது ஒரு அளவு, மெல்லிய தந்திக்கு வேறு அளவு. நான்கு தந்திக்கும் பொதுவாக இருப்பதோ ஒரே மெட்டு. எங்கே வைத்தால் நான்கும் காதுக்கு ஒப்பும் என்று தேடித்தான் வைக்க வேண்டும். நாள் முழுக்க அவர் செய்தது இதைத்தான். பேச்சே இல்லை.

இதில் முக்கால்வாசி காது. நீங்கள் 24 வருஷம் நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் பாடும் வகுப்பில், எந்த மூலையில் எந்தப் பிள்ளை சாதாரண காந்தாரத்தை அதற்கு ஒரு படி மேலே இருக்கும் அந்தர காந்தாரமாக ஏற்றுகிறது என்று கண்டுபிடித்தவர். புதிதாக உளி பிடிக்கும் இருபது வயதுப் பையனுக்கு அந்தக் காது வர எத்தனை காலமாகும்?

வயதானால் காது மங்காதா என்று உங்கள் மகள் கேட்கலாம். மங்கும். ஆனால் முதலில் குறைவது பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும் மிகக் கீச்சான ஒலிகள். வீணையின் ஸட்ஜமம் பெரும்பாலும் 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் வரும். கடைசி மெட்டின் அதிதார ஸட்ஜமம் (அதற்கும் மேல் ஸ) அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 800க்குள். நாதத்தின் மேலடுக்குகள் அதற்கு மேலேயும் போகும் என்றாலும், சுருதி சேர்ந்ததா என்று பார்க்க உங்கள் காது இன்னும் நெடுநாள் உழைக்கும். தரையில் மணிக்கணக்கில் உட்காரும் முழங்காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். முழங்காலுக்கு அப்படி எதுவும் இல்லை. இதை இப்போதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வீணை செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்படாதீர்கள். குடம் குடைவது, தண்டி செதுக்குவது, யாளி முகம் வெட்டுவது எல்லாம் சின்ன வயதிலிருந்து தோளும் மணிக்கட்டும் பழகியவர்களின் வேலை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அவர்களுடைய அந்தக் கை வேலைக்காகத்தான். நீங்கள் மேளத்தோடு நின்றுகொள்ளுங்கள். அது மட்டுமே ஒருவருக்கு முழு வேலை.

இனி ஊர். நீங்கள் தஞ்சாவூருக்கே குடிபோவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். மேளம் கட்டத் தெரிந்தவர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கோவையில், பாலக்காட்டில், பெங்களூரில். நீங்களே வீணையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போகிறவர்தானே. மாலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியில் வீணை படிக்கும் பிள்ளை மெட்டு இறங்கிவிட்டால் என்ன செய்யும்? பிசகிய மேளத்திலேயே சாதகம் பண்ணும், காதும் சேர்ந்து பிசகும். இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. டைகரையும் வாசுதேவாச்சாரியாரையும் அவர்கள் தேவைப்பட்ட ஊர் கூப்பிட்டது. உங்களை அப்படிக் கூப்பிடப்போகும் ஊர் தஞ்சாவூராக இல்லாமல் நீங்கள் இருக்கும் ஊராகவே இருக்கலாம்.

அதனால் தஞ்சாவூரில் வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள், திருவையாறாக இருந்தாலும் நல்லது. கோவை வீட்டை விற்காதீர்கள். இரண்டு மூன்று வருஷம் இருந்து கற்றுக்கொண்ட பிறகு, அந்த ஊர் பிடித்துப்போய் அங்கேயே வேலையும் வந்தால் இருந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கை நிறையத் தொழிலோடு திரும்பி வாருங்கள். தோற்றுப்போய் வந்ததாக அதை யாரும் சொல்ல முடியாது.

பணம். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு, 2022இல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு நீங்களாக ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருஷக் கணக்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைத் தொடாமல் வையுங்கள். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தை 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 58க்கு முன்னால் வாங்கினால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு கடைசிவரை தொடரும். அவசரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். வீணை டியூஷனில் சிலவற்றை ஆன்லைனில் தொடர்ந்தால் வாடகைக்காவது ஆகும்.

ராஜினாமா கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம். இந்தக் கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் போங்கள். மெழுகு நன்றாக இளகும் காலம், தொழிலின் கஷ்டம் முழுசாகத் தெரியும். போவதற்கு முன்னால் அந்த ஆசாரிக்குப் போன் செய்து, தினமும் பட்டறையில் உட்கார அனுமதிப்பாரா, கற்றுத்தர என்ன எதிர்பார்க்கிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சம்பளம் வேண்டாம் என்று நீங்கள் பெருந்தன்மையாக இருப்பது போதாது. அவருடைய நேரத்துக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த தொழில் அது, பிரியத்துக்காக இலவசமாகத் தந்துவிட வேண்டியதில்லை. அவர் சரி என்றால் உங்கள் அழைப்பு முழுசாகிவிட்டது. அவர் தயங்கினால் வேறு பட்டறைகளும் இருக்கின்றன, ஒன்றிரண்டு கேட்டுப் பாருங்கள். யாருமே சரி என்று சொல்லாவிட்டால் இப்போதைக்குப் போக வேண்டாம் என்பேன்.

மகளையும் ஒரு வாரம் அங்கே வந்து உங்களோடு இருக்கச் சொல்லுங்கள். வேலையைக் கண்ணால் பார்த்தால் அவளுடைய கேள்வி மாறக்கூடும். உங்கள் வீணையையும் கையோடு எடுத்துப்போங்கள். மேளம் பிரிக்கக் கற்றுக்கொள்ள அடுத்தவர் வாத்தியத்தைக் கேட்க முடியாது.

அன்புடன்.